தூக்குவதற்கு முன் வயிற்றைப் பாருங்கள்: பழவேற்காட்டு ஆயாக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆயாக்களுக்கு,

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், கூனங்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம் என்று பழவேற்காடு ஏரியை ஒட்டிய குப்பங்களில் பேரன் பேத்தி எடுத்தவர்களுக்கும் எடுக்கக் காத்திருப்பவர்களுக்கும் இந்த மடல்.

பெற்றவளுக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். பிரசவம் முடிந்து பொன்னேரி ஆஸ்பத்திரியிலிருந்தோ சென்னை ஸ்டான்லியிலிருந்தோ வீடு திரும்பும் பெண் சின்ன வயசுக்காரி. தையல் வலி ஒரு பக்கம், பால் கட்டிக்கொண்ட வலி இன்னொரு பக்கம். பிள்ளை முனகினால் அவள் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறாள். “பசிக்குது, எடு” என்றால் எடுக்கிறாள். “தூங்கட்டும் விடு” என்றால் விடுகிறாள். பிள்ளை தூங்குகிறதா, விழித்திருக்கிறதா, பசியா, நோவா என்பதில் அந்த வீட்டில் உங்கள் பேச்சுக்கு மேல் பேச்சு கிடையாது. பேறுகால வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த உரிமையில் உங்களிடம் சிலதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நரியிலிருந்தே தொடங்குகிறேன். பிள்ளை தூக்கத்தில் சிரித்தால் நரி வந்து வேடிக்கை காட்டுகிறது என்பீர்கள். அதே பிள்ளை உதட்டைப் பிதுக்கிச் சிணுங்கினால் நரி விரட்டுகிறது என்பீர்கள். சிரித்தாலும் நரி, சிணுங்கினாலும் நரி. இதைக் கேட்டுச் சிரிக்கும் படித்தவர்களுக்கு ஒன்று சொல்வேன். நரி பொய்யாகவே இருக்கட்டும், நரி வரும் நேரம் பொய்யில்லை. பிள்ளையின் எல்லாத் தூக்கத்திலும் அது வருவதில்லை. ஒரு வகைத் தூக்கத்தில் மட்டும்தான் வரும். அந்த வகையை ஆராய்ச்சியாளர்கள் கண்டுகொண்டது 1950களில்தான்.

அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நதானியேல் கிளைட்மன் என்று தூக்கத்தையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்ட ஒருவர் இருந்தார். தூங்கும் குழந்தைகளின் இமையைக் கவனிக்கும்படி யூஜின் அசெரின்ஸ்கி என்ற மாணவரிடம் சொன்னார். மாணவர் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தார். மூடிய இமைக்குள் கண் உருளும் நேரமும், கொஞ்சமும் உருளாத நேரமும் மாறி மாறி வந்தன. பெரியவர்களின் கண் உருளும் தூக்கத்தைப் பற்றி இருவரும் 1953இல் எழுதினார்கள். 1955இல் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள்: கண் உருள்வதும் உடம்பு அசைவதும் 50, 60 நிமிஷத்துக்கு ஒரு சுற்றாகத் திரும்பத் திரும்ப வருகின்றன.

அடுத்து பாஸ்டனில் பீட்டர் வுல்ஃப் என்ற டாக்டர் பச்சைப் பிள்ளைகளின் தொட்டிலருகே மணிக்கணக்காக உட்கார்ந்தார். மூச்சு சீராக இருக்கிறதா, கை கால் அசைகிறதா, கண் திறந்திருக்கிறதா என்று பார்த்துக் குறித்தார், அவ்வளவுதான். அதை இன்னும் சுருக்கி வரையறுத்தவர் ஹைன்ஸ் பிரெக்டல். வியன்னாவில் பிறந்த இவர் வேலை பார்த்தது நெதர்லாந்தின் குரோனிங்கனில். உங்கள் ஊரில் கோட்டை கட்டி, கடைசியில் கல்லறைகளை மட்டும் விட்டுப் போன டச்சுக்காரர்களின் நாடுதான் அது. அவர்களிடமிருந்து பழவேற்காட்டுக்கு வரவேண்டிய நல்ல சரக்கு இது ஒன்று பாக்கியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரெக்டல் ஐந்து நிலைகள் சொன்னார். கண் மூடியிருக்கும், மூச்சு சீராக இருக்கும், அசைவு இருக்காது: அது ஒன்று. கண் மூடியிருக்கும், மூச்சு தாறுமாறாக வரும், சின்னச் சின்ன அசைவுகள் இருக்கும்: அது இரண்டு. கண்ணைத் திறந்து அமைதியாகப் பார்ப்பது மூன்று. கண்ணைத் திறந்து கை கால் உதைப்பது நான்கு. அழுகை ஐந்து. ஒரு நிலை சில நிமிஷமாவது நீடித்தால்தான் அதை நிலை என்று சொல்லலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னார். கருவியோ ரத்தப் பரிசோதனையோ எதுவும் வேண்டாம். மூச்சையும் அசைவையும் பார்க்கத் தெரிந்தால் போதும். தண்ணீரின் மேல் ஓடும் சுழிப்பைப் பார்த்தே அடியில் மீன் கூட்டம் இருக்கிறதென்று சொல்லிவிடும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள் நீங்கள். இது உங்களுக்குக் கஷ்டமாக இருக்காது.

கடைசி மூன்றும் உங்களுக்குத் தெரிந்தவையே. ஒன்றும் இரண்டும்தான் நம்மை ஏமாற்றும்.

முதல் வகைத் தூக்கத்தில் பிள்ளை அசந்து கிடக்கும். மூச்சு விடும்போது நெஞ்சை விட வயிறுதான் ஏறி இறங்கும். அதில் ஓர் ஒழுங்கு இருக்கும், கண்ணை மூடிக்கொண்டே அடுத்த மூச்சு எப்போது வரும் என்று சொல்லிவிடலாம். முகத்தில் அசைவில்லை. கையைத் தூக்கி விட்டால் தொப்பென்று விழும். எப்போதாவது ஒரு தரம் உடம்பு தூக்கிவாரிப் போடும், பிறகு பழையபடி அடங்கிவிடும்.

இரண்டாவது வகையில்தான் நரி வருகிறது. இமைக்குள் கண் உருளும். வாய் சப்புக் கொட்டும். புருவம் சுருங்கும், விரல் விரியும், முகம் சிவந்து முக்கும், முனகும், நெளியும். நாலு மூச்சு வேகமாக வாங்கும், பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது, மறுபடி வேகமாக வரும். ஐந்து வினாடி, பத்து வினாடி மூச்சு நின்று தொடர்வது பச்சைப் பிள்ளைகளிடம் சகஜம். நடுவில் ஒரு சிரிப்பு வரும். சில நேரம் ஒரு சின்ன அழுகைகூட வரும். இத்தனையும் தூக்கத்துக்குள்ளேயே நடக்கிறது. பிள்ளை எழவில்லை.

லைட் ஹவுஸ் குப்பத்தில் ஒரு வீட்டில் இதை அருகிலிருந்து பார்த்தேன். தரையில் பாய், பாய் மேல் நாலாக மடித்த பழைய புடவை, அதில் மல்லாக்கப் படுத்த ஒரு வாரப் பிள்ளை. வயிறு தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது. இரண்டு காலையும் வயிற்றோடு மடக்கி, மாடு முக்குவது போல ஒரு முக்கல். அடுப்படியிலிருந்த ஆயா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓடிவந்து அள்ளப் போனார். “கொஞ்சம் பொறுங்கம்மா” என்று கையைப் பிடித்தேன். என்னை முறைத்தார். பிள்ளை ஒரு காற்றுப் பிரித்தது, காலை நீட்டியது, இரண்டு தரம் வாயைச் சப்பியது. கொஞ்ச நேரத்தில் வயிறு சீராகிவிட்டது. கை விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. “தூங்கித்தான் இருக்குது!” என்றார் ஆயா, பிள்ளை தன்னை ஏமாற்றிவிட்டது போல.

பிறந்த பிள்ளை ஒரு நாளில் 16, 17 மணி நேரம் தூங்கும். அதில் ஏறக்குறைய பாதி இந்த நரித் தூக்கம். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். மூளை வளர்வதற்கு அந்தத் தூக்கம் வேண்டும் என்ற கருத்தை ராஃப்வார்க், முசியோ, டிமென்ட் என்ற மூவர் 1966இலேயே முன்வைத்தார்கள். தூக்கத்தில் விரலும் காலும் வெட்டிவெட்டி இழுப்பது, எந்தத் தசை எங்கே இருக்கிறது என்று மூளை பாடம் படிக்கும் வேலை என்று மார்க் பிளம்பெர்க் போன்றவர்களின் ஆராய்ச்சி இப்போது சொல்கிறது.

இன்னொன்று. நாம் படுத்தால் முதலில் ஆழ்ந்த தூக்கம் வரும், அப்புறம்தான் கண் உருளும் கனவுத் தூக்கம். பச்சைப் பிள்ளைக்கு நேர்மாறு. கண் சொருகியதும் நரித் தூக்கம்தான் முதலில் வரும். தோளில் போட்டுத் தட்டுகிறீர்கள், கண் மூடுகிறது, உடனே பாயில் கிடத்துகிறீர்கள், கிடத்தியதும் வீல் என்கிறது. “மடியில் இருந்தா தூங்குது, கீழ விட்டா எழுந்துக்குது” என்று எல்லா வீட்டிலும் கேட்கும் புகாருக்கு இதுதான் விஷயம். இன்னும் ஒரு கால் மணி நேரம் மடியில் வைத்திருங்கள். வயிறு சீராகி, கை துவண்ட பிறகு கிடத்துங்கள். மூன்று மாதம் ஆகும்போது இது தானாக மாறத் தொடங்கும்.

இப்போது, அள்ளி எடுப்பதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். கெடும். நரித் தூக்கத்தில் இருக்கும் பிள்ளையைத் தூக்கினால் தூக்கம் பாதியில் கலைகிறது. பசியில்லாத பிள்ளை மார்பில் நாலு இழுப்பு இழுத்துவிட்டுச் சொக்குகிறது. அரை மணியில் மறுபடி முனகல், மறுபடி நாலு இழுப்பு. நாளெல்லாம் இப்படியே போனால் மூன்றாம் நாள் யாராவது வாசலில் நின்றுகொண்டு, “பால் பத்தலம்மா, அதான் புள்ள தூங்கவே மாட்டேங்குது” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். சாயங்காலம் பால்பவுடர் டப்பா வீட்டுக்கு வந்துவிடுகிறது. தாய்க்கு நிறையப் பால் இருக்கும், டப்பா வந்த பிறகு குறையத் தொடங்கும். டப்பா வாங்கிய எத்தனையோ வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அதற்குத் தொடக்கம் இந்த முனகல்தான் என்பது என் எண்ணம்.

பசிக்கும் பிள்ளையைக் காக்கப் போடச் சொல்லவில்லை. ஒரு நாளில் எட்டுத் தரமாவது பால் கொடுக்க வேண்டும், பத்துப் பன்னிரண்டு தரம் கேட்டாலும் கொடுக்க வேண்டும். கண் திறந்திருக்கிறது, தலையை அப்படியும் இப்படியும் திருப்பி வாயால் தேடுகிறது, கையை வாய்க்குக் கொண்டு போகிறது என்றால் உடனே எடுங்கள், அழும்வரை காத்திருக்க வேண்டாம். குறைமாசப் பிள்ளை, எடை குறைந்த பிள்ளை என்றால் தூங்கினாலும் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம் எழுப்பிக் கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளிடம் இந்த நிலைகளும் தெளிவாகப் பிரிந்து தெரியாது. கண்ணைத் திறந்து அமைதியாக மலங்க மலங்கப் பார்க்கிறதே, அந்த மூன்றாம் நிலை முதல் வாரங்களில் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அப்போது முகத்துக்கு நேரே முகம் வைத்துப் பேசுங்கள். அந்த நேரத்தில் வசம்பு உரைப்பதும் மை தீட்டுவதும் வேண்டாம்.

சத்தத்தைப் பற்றியும் கேட்பீர்கள். விடியற்காலையில் கிளம்பும் படகு இன்ஜின், மாதா கோயில் ஒலிபெருக்கி, மசூதி பாங்கு, வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்டால் ஜன்னல் அதிரும் உறுமல். பிள்ளை முதல் தரம் திடுக்கிடும், அதே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் தூக்கத்திலேயே அதைத் தள்ளிவிடக் கற்றுக்கொள்ளும். பெரி பிரேசல்டன் 1973இல் பச்சைப் பிள்ளைகளைச் சோதிக்க ஒரு முறை வகுத்தார். அதில் இதுவும் ஒரு சோதனை: தூங்கும் பிள்ளையருகே கிலுகிலுப்பையைத் திரும்பத் திரும்ப ஆட்டி, திடுக்கிடுவது குறைகிறதா என்று பார்ப்பது. குறைந்தால் நல்லது. பிள்ளை தூங்குகிறதென்று வீட்டையே ஊமையாக்க வேண்டாம்.

இதுவரை சொன்னது வீட்டு நிம்மதிக்கு. இனிச் சொல்வது உயிர் விஷயம்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டம் காடும் பழங்குடி ஊர்களும் நிறைந்தது. ராணி பங், அபய் பங் என்ற டாக்டர் தம்பதி அங்கே வேலை செய்தார்கள். ஊர்ப் பெண்களுக்கே, அதிகம் படிக்காதவர்களுக்கும்கூட, பச்சைப் பிள்ளையின் மூச்சை எண்ணவும் நோயைக் கண்டுகொள்ளவும் கற்றுக்கொடுத்தார்கள். பெரிய எண்கள் எண்ணத் தெரியாதவர்களுக்காக ஒரு சின்னக் கருவியும் செய்தார்கள்: ஒரு நிமிஷம் ஓடும் மணல் கடிகாரம், பக்கத்தில் கம்பியில் கோத்த மணிகள். பத்து மூச்சுக்கு ஒரு மணி தள்ள வேண்டும். மணல் தீர்வதற்குள் சிவப்பு மணியைத் தள்ளும்படி ஆனால் ஆபத்து. வீடுவீடாகப் போய்ப் பச்சைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அந்தத் திட்டத்தின் முடிவு 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்திருந்தது. அந்த வேலையைச் செய்தவர்கள் உங்களைப் போன்ற ஊர்ப் பெண்கள்தான்.

எண்ணிக்கைக்கும் நரிக்கும் சம்பந்தம் இங்கேதான் வருகிறது. இரண்டு மாதத்துக்குள் உள்ள பிள்ளை நிமிஷத்துக்கு 30 முதல் 60க்குள் மூச்சு விடும். 60ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேக மூச்சு. நரித் தூக்கத்தில் வேகமும் நிறுத்தமும் மாறி மாறி வருவதால், கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கினால் கணக்கு பொய்த்துவிடும். வேகமான கால் நிமிஷம் மாட்டினால் நல்ல பிள்ளைக்கு வியாதி, மெதுவான கால் நிமிஷம் மாட்டினால் வியாதிப் பிள்ளை நல்ல பிள்ளை. அதனால் முழு நிமிஷம் எண்ண வேண்டும், 60 வந்தால் மறுபடி ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணக் கூடாது. சட்டையைத் தூக்கி வயிற்றைப் பாருங்கள். செல்போனில் நேரம் பார்க்கப் பேரனைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணும்போதே மற்றதும் கண்ணில் படும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே ஆழமாகக் குழி விழுகிறதா? மூக்குத் துவாரம் விரிகிறதா? ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல் வருகிறதா? தூக்கத்தில் அவ்வப்போது முனகுவது வேறு, விடும் மூச்செல்லாம் முனகலாக வருவது வேறு. மூச்சு நின்று இருபது வினாடி ஆகியும் தொடரவில்லை, அல்லது உதடு நீலம் பாய்கிறது என்றால் உள்ளங்காலைத் தேய்த்து எழுப்புங்கள், அப்படியே வாசலுக்கு ஓடுங்கள்.

அசைவிலும் அப்படித்தான். தூக்கத்தில் கை கால் வெட்டினால் மெதுவாக எழுப்பிப் பாருங்கள். விழித்ததும் நின்றுவிட்டால் பயமில்லை. விழித்தும் வெட்டுகிறது, கண் ஒரு பக்கம் சொருகி நிற்கிறது, நிறம் மாறுகிறது என்றால் அது வலிப்பாக இருக்கலாம். எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் அசையாத பிள்ளை. “ரொம்ப சமத்து, எழுந்திருக்கவே இல்ல” என்று பெருமையாகச் சொல்லும் வீட்டில் எனக்கு வயிற்றைக் கலக்கும். நல்ல பிள்ளை ஒரு மணி நேரத்துக்கு ஒரு சுற்று நிலை மாறிக்கொண்டே இருக்கும். நரி வராத பிள்ளை, தொட்டுத் தூண்டினால் மட்டும் அசையும் பிள்ளை, எழுப்பினாலும் பால் குடிக்காத பிள்ளை, நோயாளிப் பிள்ளை. மாந்தம், உரம் என்று மருந்து தேடிக்கொண்டிருக்க அங்கே நேரமில்லை.

தூளியை நான் எதிர்க்கவில்லை. என்னை வளர்த்ததும் தூளிதான். ஆனால் ஆழமான தூளியில் பிள்ளை சுருண்டு, தாடை நெஞ்சில் முட்டிக் கிடக்கும். மூச்சுக்குழல் நெருங்கும், வயிறும் கண்ணுக்குத் தெரியாது. முதல் இரண்டு மாதமாவது தூளியை விட்டுப் பாயில் கிடத்துங்கள். ஒரு வயசு வரை மல்லாக்கப் படுக்க வையுங்கள், குப்புறப் போட வேண்டாம். குளித்த பிறகு சாம்பிராணிப் புகை பிடிப்பதையும் மூடிய அறையில் கொசுவத்தி கொளுத்துவதையும் நிறுத்திவிட்டு, ஏரிக்கரைக் கொசுவுக்கு வலை கட்டுங்கள். காலில் மாட்டினால் நாடித்துடிப்பையும் ரத்தத்தின் ஆக்ஸிஜனையும் தூக்கத்தையும் செல்போனில் காட்டும் காலுறைகளை வெளியூர் மகன் வாங்கி அனுப்பினால் மறுத்துவிடுங்கள். அவை நல்ல பிள்ளைக்கு அலறி, நோய்ப் பிள்ளைக்குச் சும்மா இருந்துவிடலாம்.

கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வருவார். பிள்ளை பிறந்த 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது அரசுத் திட்டத்தின் கணக்கு. அவர் வந்தால் காபி போட உள்ளே போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எண்ணும்போது நீங்களும் மனசுக்குள் எண்ணுங்கள். இரண்டு கணக்கும் ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். ஒத்துப்போகும்வரை விடாதீர்கள். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று பழவேற்காடு சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். ஏரியில் மீன்பிடி முறைவைப்பான பாடு பிசகினால் ஊர் கூடிக் கேட்கிறீர்களே, இதையும் ஊர் கூடிக் கேளுங்கள்.

குப்பத்திலிருந்து பழவேற்காட்டுக்கும், அங்கிருந்து பொன்னேரிக்கும் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்குத் தெரியும். மூச்சை முழு நிமிஷம் எண்ணி, 60 வந்து, மறுபடி எண்ணியும் 60க்குக் குறையவில்லை என்றால், ஆம்பளை கடலிலிருந்து வரட்டும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நிமிஷமே 108க்குப் போன் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ்